ஆரோகணப் படிகளும் மேற்குச் சுவரும்

எருசலேமுக்குப் புனிதப் பயணம் போகும் நம் சபையாருக்கு பெத்லகேமும் கெத்செமனே தோட்டமும் கல்லறை ஆலயமும் மனப்பாடம். ஆலய மலையின் தெற்குப் பக்கத்துப் படிக்கட்டை மட்டும் பலர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆதங்கம் உண்டு. பஸ்கா, பெந்தெகொஸ்தே, கூடாரப் பண்டிகை என ஆண்டுக்கு மூன்று பண்டிகைகளுக்கும் ஊர் ஊராக வந்த யாத்திரிகர்கள் ஏரோது ராஜா விரிவாக்கிய இரண்டாம் ஆலயத்துக்கு ஏறிப்போன வழிகளில் இது முக்கியமானது. சங்கீதம் 120 முதல் 134 வரையுள்ள ஆரோகண சங்கீதங்களை அவர்கள் பாடிக்கொண்டே ஏறினார்கள் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. கி.பி. 70-இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்தபின் மண்மூடிக் கிடந்த இந்த இடம், 1967-க்குப் பிறகு நடந்த அகழாய்வில் வெளிப்பட்டது.

படிகள் ஒரே அளவில் இல்லை. ஒன்று குறுகல், அடுத்தது அகலம். வேகமாக ஏறப் பார்த்தால் கால் இடறும். தானாகவே நிதானம் வந்துவிடுகிறது. மேலே வாசல் வளைவுகள் கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கின்றன. அதற்குமேல் போக வழியில்லை. அந்த இடத்தில் நின்றபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாம் பாடும் பாட்டுகளில் சீயோன் என்றால் பரலோகம், அல்லது திருச்சபை. அப்படித்தான் நம் முன்னோர் கற்பித்தார்கள், அந்த விசுவாசத்தை நான் விடப்போவதில்லை. ஆனால் யூதருக்கு சீயோன், அதாவது எருசலேம், காலில் ஒட்டும் மண். அவர்களுடைய ஜெபம், நோன்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் அந்த மண் இருக்கிறது. மணமகன் மகிழ்ச்சியின் நடுவே கண்ணாடிக் குவளையை மிதித்து உடைப்பது இடிந்த ஆலயத்தை நினைத்துத்தான். ஆலயம் இடிந்ததை நினைத்து, யூத நாட்காட்டியின் ஆப் மாதம் ஒன்பதாம் நாள் உபவாசமிருந்து, தரையில் உட்கார்ந்து புலம்பல் ஆகமத்தை வாசிக்கிறார்கள். வெளிநாட்டில் இறந்தவரின் குழியில் இந்தத் தேசத்து மண்ணை ஒரு பிடி போடும் வழக்கமும் உண்டு.

ஆலய மலையின் மேற்குப் பக்கத் தாங்குசுவரான மேற்குச் சுவருக்குப் போகும் முன் கை கழுவ இரண்டு பிடி வைத்த குவளைகள் இருக்கின்றன. பெண்களுக்குத் தனிப் பகுதி, ஆண்கள் பகுதியைவிடச் சிறியது, அதனால் நெரிசல். அடிவரிசைக் கற்கள் ஏரோது காலத்தவை. ஒவ்வொன்றின் விளிம்பிலும் மெல்லிய கரை செதுக்கியிருக்கிறது. கை எட்டும் உயரம்வரை கல் வழுவழுப்பாகிவிட்டது. இடுக்குகளில் மடித்துத் திணித்த சீட்டுகள். ஆண்டுக்கு இருமுறை அவற்றை எடுத்து ஒலிவமலையில் புதைக்கிறார்கள்.

என் பக்கத்தில் ஒரு மூதாட்டி பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, நெற்றியைக் கல்லில் சாய்த்துச் சங்கீதப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தார். பக்க ஓரங்கள் விரல்பட்டுப் பழுத்துப்போயிருந்தன. வாசித்து முடித்தவர் புத்தகத்தை முத்தமிட்டார், கல்லை முத்தமிட்டார், பிறகு முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடந்து போனார். கருவறையிலிருந்து திரும்பும் நம் ஊர்ப் பாட்டிமார் நடப்பதுபோலவே இருந்தது.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். கூடாரப் பண்டிகையின் முடிவில் யூதர்கள் மழைக்காக ஜெபிக்கிறார்கள். பஸ்காவில் அதை நிறுத்திப் பனிக்காக ஜெபிக்கிறார்கள். எந்த நாட்டில் குடியிருந்தாலும் இது இஸ்ரவேல் தேசத்தின் பருவக் கணக்கு. கொச்சி யூதர்களை நினைத்துப் பாருங்கள். ஜூன் மாதம் வெளியே இடவப்பாதி மழை கொட்டித் தீர்க்கும். ஜெப ஆலயத்துக்குள்ளே கோடைப்பனிக்கான ஜெபம். தலைமுறை தலைமுறையாக, கண்ணால் காணாத ஒரு தேசத்தின் வானத்தைப் பார்த்து ஜெபித்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பெண்கள் மலையாளத்தில் சீயோனை ஏங்கிப் பாடினார்கள். 1950-களில் பெரும்பாலோர் புறப்பட்டுப் போய்விட்டார்கள். மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் உட்புறம் எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நம் பக்கத்துத் தச்சர்கள் செதுக்கிய மர விதானத்தை அங்கே அண்ணாந்து பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்தப் பந்தத்தை வெறும் சொத்துரிமையாகப் பார்ப்பவர்கள் லேவியராகமம் 25-ஐ வாசிக்க வேண்டும். தேசம் என்னுடையது, அதை அறுதியாய் விற்கக்கூடாது, நீங்கள் என்னிடத்தில் புறக்குடிகள் என்று அங்கே கர்த்தர் சொல்கிறார். ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு. அந்த ஓய்வைக் கொடுக்காததாலும் பாபிலோன் சிறையிருப்பு வந்தது, ஜனங்கள் இல்லாத 70 வருஷமும் நிலம் தன் ஓய்வை அனுபவித்தது என்கிறது நாளாகமம். வாக்குத்தத்தம் உண்டு, நிபந்தனையும் உண்டு.

யூத குருமார்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆபிரகாம் ஐசக் கூக், ஜனங்கள் திரும்பி வருவதே மீட்பின் தொடக்கம் என்று கண்டார். சத்மார் என்ற ஹசிதிய யூத மரபின் யோவேல் டைட்டல்பாம், மேசியா வரும்முன் படைபலத்தோடு நாடு அமைப்பது தேவனுக்கு முன்பாகச் செய்த ஆணைகளை மீறுவது என்று யூத குருமார்களின் விளக்க நூலான தல்மூதைக் காட்டி எதிர்த்தார். இருவருமே அந்த மண்ணை உயிராய் நேசித்தவர்கள். குர்ஆனிலும் மூசா நபி தம் மக்களைப் பரிசுத்த பூமிக்குள் நுழையச் சொல்லும் வசனம் இருக்கிறது. சுவருக்கு மேலே அல் அக்சா பள்ளிவாசல். நான் நிற்கையிலேயே பாங்கு ஒலித்தது. நாங்கள் நின்ற விசாலமான முற்றத்தில் 1967 வரை மொரோக்கோ குடியிருப்பு என்ற முஸ்லிம் தெரு இருந்தது. போர் முடிந்ததும் அந்த வீடுகளை இடித்துத்தான் முற்றம் அமைத்தார்கள். அங்கே ஜெபிக்கப் போகிறவர்களுக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும். உங்களிடத்தில் வாசம்பண்ணுகிற அந்நியனைச் சுதேசி போல எண்ணுங்கள் என்பதும் அதே லேவியராகமத்தின் கட்டளைதான்.

பயண நிறுவனங்கள் மேற்குச் சுவருக்குக் கொஞ்ச நேரம்தான் ஒதுக்கும். தெற்குப் படிகள் பட்டியலிலேயே இருக்காது. தொல்லியல் பூங்காவுக்குள் இருப்பதால் தனி டிக்கெட் வேண்டும். பணம் கட்டும் முன்பே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்துக்கும் அரை நாள் கேளுங்கள். சுவருக்கு வெள்ளிக்கிழமை மாலை போக முடிந்தால் ஓய்வுநாளை அவர்கள் பாடி வரவேற்பதைப் பார்க்கலாம். அந்த நேரத்தில் புகைப்படம் எடுக்கக் கூடாது.