உப்புக் காற்றடிக்கும் ஆய்வகத்தில் ஆறு வாரங்கள்

நாகப்பட்டினம் மாவட்டத்தில், கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒரு பாலிடெக்னிக் கல்லூரியின் மின்னணுவியல் ஆய்வகத்துக்கு நான் பொறுப்பாளன். கொரோனா ஊரடங்கில் 2020 மார்ச்சில் பூட்டிய ஆய்வகத்தை, இடையே ஓரிரு முறை எட்டிப் பார்த்ததைத் தவிர, 2021 செப்டம்பரில்தான் முறையாகத் திறந்தோம். பூட்டும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்த 22 சி.ஆர்.ஓ.க்களில் (மின்னலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்) ஒன்பதில் அன்று சரியான கோடு வரவில்லை. சோதனைகளுக்கு வேண்டிய அளவில் நேர்மின்சாரம் தரும் 16 பவர் சப்ளைகளில் மூன்றில் சுவிட்சைப் போட்டதுமே ஃபியூஸ் போயிற்று. மல்டிமீட்டர்களின் பேட்டரி அறைகளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. யாரும் தொடாத கருவி வைத்தது வைத்தபடி இருக்கும் என்று அதுவரை நம்பியிருந்தேன். செய்முறைத் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை.

அதற்கு முன் எங்கள் ஆய்வகத்தில் பராமரிப்பு என்ற பெயரில் இருந்தது பழுதுப் பதிவேடு ஒன்றுதான். கருவி கெட்டால் எழுதுவோம், வெளியிலிருந்து பழுது பார்ப்பவர் வருவார், 'சரிசெய்யப்பட்டது' என்று கையெழுத்திட்டுப் போவார். முதல் வேலையாக அந்தப் பதிவேட்டை உட்கார்ந்து படித்தேன். ஏழாம் எண் சி.ஆர்.ஓ.வில் 'இரண்டாம் சேனல் வேலை செய்யவில்லை' என்ற புகார் நான்கு ஆண்டுகளில் ஐந்து முறை வந்திருந்தது. ஐந்து முறையும் சரிசெய்யப்பட்டிருந்தது. எதைச் சரிசெய்தார்கள் என்று ஓரிடத்திலும் இல்லை. ஒருமுறை அதற்கு ஒரு போர்டையே மாற்றிப் பணம் வாங்கியிருந்தார்கள். நான் படித்துக்காட்டியதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஆய்வக உதவியாளர், "மிஷின்ல ஒண்ணும் இல்ல சார், அந்த மேசையில கெடக்குற ஒயருதான் கோளாறு" என்றார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை என்றார்.

ஆகவே கருவிகளைத் திறப்பதற்கு முன் கேபிள்களிலிருந்து தொடங்கினோம். ஒரு பக்கம் கருவியில் திருகிப் பூட்டும் பி.என்.சி. முனையும் மறுபக்கம் முதலை வாய்க் கிளிப்பும் கொண்ட கேபிள்கள் 60 இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக கம்பி அறுபடாமல் இருந்தால் ஓசை தரும் மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்தபோது பெரும்பாலானவை ஓசை கொடுத்தன. ஆனால் கேபிள் கனெக்டருக்குள் நுழையும் கழுத்துப் பகுதியை விரலால் மெல்ல வளைத்துக்கொண்டே பார்த்தபோது, வளைக்கும் பக்கத்தைப் பொறுத்து ஓசை விட்டு விட்டு வந்தவை 21. மாணவர்கள் கனெக்டரைப் பிடித்துத் திருகிக் கழற்றாமல் கேபிளைப் பிடித்து இழுப்பதால், வெளியே உறை முழுதாக இருக்க உள்ளே கம்பி அறுந்துபோயிருந்தது. 21 கேபிள்களையும் கழுத்தில் வெட்டிப் புதிய கனெக்டர் போட்டு, நெகிழி உறையைச் சுருக்கிப் பிடிப்புக் கொடுத்தோம். அதன்பின் பார்த்தால், ஒன்பது என்று எழுதிவைத்த 'கெட்ட' சி.ஆர்.ஓ.க்களில் நான்கு கெடவேயில்லை.

அடுத்துப் பார்த்தது மின்கம்பியின் பிளக்கை. நான் சற்றுப் பயந்துபோன இடம் இது. ஐந்து சி.ஆர்.ஓ.க்களில் எர்த் முள்ளைப் பிடுங்கியிருந்தார்கள். மெயின்ஸோடு நேரடியாகத் தொடர்புள்ள தைரிஸ்டர் (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் குறைகடத்திச் சுவிட்ச்) சர்க்யூட்டைப் பார்க்கும்போது, சி.ஆர்.ஓ.விலிருந்து சர்க்யூட்டைத் தொட்டுப் பார்க்கும் புரோபின் தரைக் கிளிப் எர்த்தோடு இணைந்திருப்பதால் ஷார்ட் ஆகிவிடும். அதைத் தவிர்க்க முள்ளைக் கழற்றிவிடுவது பல ஆய்வகங்களில் பழகிப்போன குறுக்குவழி. அப்படிச் செய்தால் கருவியின் உலோக உடல் முழுவதும் 230 வோல்ட்டுக்கு உயர்ந்து நிற்கக்கூடும் என்பதும், அடுத்த வகுப்பு மாணவன் அதை அறியாமல் தொடுவான் என்பதும் அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. ஐந்து பிளக்குகளையும் மாற்றிவிட்டு, அந்தச் சோதனைகளுக்கென மெயின்ஸோடு நேரடித் தொடர்பில்லாமல் மின்சாரம் தரும் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, சோதிக்கப்படும் சர்க்யூட்டை மட்டும் அதில் இணைப்பது என்று முடிவு செய்தோம்.

பிறகு ஒவ்வொரு கருவியிலும் எர்த் முள்ளுக்கும் உடலுக்கும் இடையே மின்தடை அரை ஓமுக்குக் குறைவாக இருக்கிறதா என்று பார்த்தோம். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி, எர்த்துக்கு எதிராக 500 வோல்ட் மெகரில் (உயர் மின்னழுத்தம் கொடுத்து மின்கசிவைப் பார்க்கும் மீட்டர்) இன்சுலேஷனும் பார்த்தோம். இரண்டு மெகாஓமுக்குக் கீழே வந்தால் திறந்து பார்ப்பது என்பது நாங்களே வைத்துக்கொண்ட அளவு. இதில் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டேன். மின்னெழுச்சித் தடுப்பான் எர்த்துக்கு இணைக்கப்பட்டிருக்கும் கருவிகளில், அந்தத் தடுப்பான் 430 வோல்ட்டை ஒட்டியே கடத்தத் தொடங்கிவிடுவதால், நல்ல கருவியும் 500 வோல்ட் மெகரில் இன்சுலேஷன் போனதாகவே காட்டும். இப்படி இரண்டு கருவிகளை வீணாகப் பிரித்த பிறகுதான் மெகரை 250 வோல்ட்டில் வைத்துப் பார்க்கத் தோன்றியது.

பவர் சப்ளைகள்தாம் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டன. எல்லாம் 30 வோல்ட், இரண்டு ஆம்பியர் தரும் பழைய வகை. பின்புறத்து ஹீட் சிங்கில் 2என்3055 டிரான்சிஸ்டர், உள்ளே மின்னேற்றத்தைத் தேக்கி வெளியீட்டைச் சமன்செய்யும் 4700 மைக்ரோபாரட் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர். ஃபியூஸ் போன மூன்றில் ஒன்றைத் திறந்தபோது, டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஒரு பல்லி கருகி ஒட்டிக்கிடந்தது. மற்ற இரண்டில் கெபாசிட்டர்கள் ஷார்ட் ஆகியிருந்தன. நீண்ட நாள் மின்சாரம் இல்லாமல் கிடக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்குள் இருக்கும் ஆக்சைடு படலம் நலிந்துவிடும். அந்த நிலையில் முழு மின்னழுத்தத்தை ஒரேயடியாகக் கொடுத்தால் கசிவு மின்னோட்டம் கூடிச் சூடேறிச் செத்துப்போகும். ஆய்வகத்தைத் திறந்த அன்று வரிசையாக எல்லாச் சுவிட்சுகளையும் தட்டியவன் நானேதான். மீதமுள்ள 13 கருவிகள் பிழைத்தது தற்செயல்.

பக்கத்து ஆய்வகத்தில் இன்னும் திறக்காமல் கிடந்த எட்டுப் பவர் சப்ளைகளுக்கு அந்தக் கதி நேரக்கூடாது என்று, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் வேரியாக்கையும் 60 வாட் குண்டு பல்பையும் தொடராக இணைத்து, 60 வோல்ட்டில் தொடங்கி அரை மணிக்கொரு முறை சிறிது சிறிதாக ஏற்றி, மூன்று மணி நேரத்தில் 230 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தோம். பல்பு பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று அறிந்து அணைத்துவிடலாம்; கருவிக்குக் கூடுதல் சேதம் வராது. எட்டும் தப்பின. மின்சாரத்தை அதிவேகமாகத் திறந்து மூடி வெளியீட்டை நிலைநிறுத்தும் ஸ்விட்ச் மோடு வகைப் பவர் சப்ளையில் இப்படி மெல்ல ஏற்றக்கூடாது. குறைந்த மின்னழுத்தத்தில் அது அதிக மின்னோட்டத்தை இழுக்கும்.

ஓடுகிற பவர் சப்ளைகளையும் அப்படியே விட்டுவிடவில்லை. 15 ஓம், 100 வாட் கம்பிச்சுற்று ரெசிஸ்டரை லோடாகப் போட்டு, முழு இரண்டு ஆம்பியரும் ஓடும்போது வெளியீட்டை சி.ஆர்.ஓ.வில் ஏ.சி. இணைப்பில் பார்த்தோம். லோடு இல்லாதபோது நேர்கோடாகத் தெரிந்த நான்கு கருவிகளில், லோடு போட்டதும் 100 ஹெர்ட்ஸ் வேகத்தில் பற்கள் போல ரிப்பிள், அதாவது வெளியீட்டின் ஏற்ற இறக்கம், எழுந்தது. நான்கிலும் கெபாசிட்டர் ஹீட் சிங்கை ஒட்டி நின்றது. வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்று பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். அதை நேரில் பார்க்க இவ்வளவு ஆண்டுகள் ஆயிற்று. அவற்றில் ஒன்றின் தலை மட்டுமே உப்பியிருந்தது, மற்ற மூன்றும் புதியவை போலவே இருந்தன. கெபாசிட்டரைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்வதை அன்றோடு விட்டேன்.

உண்மையிலேயே கெட்டிருந்த ஐந்து சி.ஆர்.ஓ.க்களைத் திறந்தபோது, கடற்கரை ஊரில் ஒரு கருவிக்கு என்ன நடக்கிறது என்பது தெரிந்தது. வெளியூர் ஆய்வகத்துத் தூசி ஊதினால் பறந்துவிடும். இங்கே அது உப்போடு சேர்ந்து பிசுபிசுத்த படலமாகப் பலகையில் ஒட்டிக்கொண்டு, மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்சி மெல்ல மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது; செப்புத் தடங்களில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. கருவியை வராந்தாவுக்குக் கொண்டுபோய், விசிறி இறக்கைகளை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதி, பிறகு ஒரு அங்குல பெயிண்ட் பிரஷ்ஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தொட்டுத் துடைத்தோம். படக்குழாய்ப் பகுதியில் இரண்டாயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், பிளக்கைக் கழற்றி அரைமணி நேரம் விட்டு, உயர்மதிப்பு ரெசிஸ்டர் வழியாக மின்னிறக்கம் செய்துவிட்டு, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அந்தப் பக்கம் போனேன். மாணவர்களை அருகில் விடவில்லை. ஒரு முழு நாள் வெயில்படாத இடத்தில் காயவைத்த பிறகு ஐந்தில் நான்கு கோடு காட்டின. ஐந்தாவதை உதிரி பாகங்களுக்கென ஒதுக்கினோம். சோதனை அலைகளை உண்டாக்கித் தரும் பங்ஷன் ஜெனரேட்டர்களில், திருப்பும்போது கரகரத்த பொட்டன்ஷியோமீட்டர்களுக்குக் (அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள்) கான்டாக்ட் கிளீனர் அடித்ததற்கு மேல் பெரிய வேலை இல்லை.

புரோப்களையும் விடவில்லை. பத்துக்கு ஒன்றாகக் குறைக்கும் புரோப்பை சி.ஆர்.ஓ. முகப்பிலுள்ள ஒரு கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் மாட்டி, மூலைகள் உருண்டையாகவோ கொம்பு முளைத்தோ தெரியாமல் நேராக வரும்வரை சிறு திருகைத் திருப்ப வேண்டும். ஒரு புரோப்புக்கு அரை நிமிட வேலை. எங்களிடம் இருந்தவற்றில் ஒன்றுகூடச் சரியாக இல்லை.

என் தவறு ஒன்றையும் எழுதியாக வேண்டும். ஆய்வகத்திலேயே விலை உயர்ந்த நான்கரை இலக்க மல்டிமீட்டரை நம்பகமான அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஐந்து பவர் சப்ளைகளின் முகப்பு மீட்டர்களை 12 வோல்ட்டில் ஒரு மாலைநேரத்தில் திருத்தினேன். மறுநாள் ஒரு மாணவர் வேறு மீட்டரில் பார்த்துவிட்டு, "சார், இது பதினொண்ணு புள்ளி ஆறுதான் காட்டுது" என்றார். அவருடைய மீட்டர்தான் தவறு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்றாவது மீட்டரும் அதையே காட்டியபோதுதான் என் மீட்டரின் திரை ஓரத்தில் மங்கலாக இருந்த பேட்டரி அடையாளத்தைக் கவனித்தேன். பேட்டரி இறங்கினால் உள்ளிருக்கும் ஒப்பீட்டு மின்னழுத்தமும் சரிந்து, அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். புதுப் பேட்டரி போட்டதும் அதுவும் 11.6 காட்டியது. ஐந்து கருவிகளையும் மீண்டும் திருத்திவிட்டு, அந்த மாணவரை அழைத்து அவர் சொன்னதுதான் சரி என்றேன்.

அதன்பின் ஏடி584 ஐ.சி. கொண்ட சிறிய ஒப்பீட்டுப் பலகை ஒன்று வாங்கினோம். 2.5, 5, 7.5, 10 வோல்ட் என நான்கு அளவுகளைத் தரும் அதை வைத்து எந்த மல்டிமீட்டர் விலகிப் போயிருக்கிறது என்று சில நிமிடங்களில் சலித்துவிடலாம். அது அளவுத்திருத்தத்துக்கு மாற்று ஆகாது. நான்கரை இலக்க மீட்டரை மட்டும் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசியத் தர அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கினோம். எல்லாக் கருவிகளையும் அனுப்பக் கல்லூரியில் பணம் இல்லை, தேவையும் இல்லை. சான்றிதழ் வந்ததும் கோப்பில் போட்டுவிடாமல், ஒவ்வோர் அளவிலும் எவ்வளவு விலகல் என்ற அட்டவணையைப் படித்து மீட்டரின் மூடியிலேயே ஒட்டிவைத்தோம்.

தேர்வுக்குள் 21 சி.ஆர்.ஓ.க்கள் மேசைக்கு வந்தன. இப்போது ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அட்டை இருக்கிறது. பழுதானால் எந்தப் பாகத்தை மாற்றினோம் என்பதை அதில் எழுதாமல் யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை. விடுமுறையானாலும் பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் ஓடவிடுகிறோம். உள்ளே பிறக்கும் சூடே ஈரத்தை விரட்டிவிடுகிறது. மல்டிமீட்டர்களைப் பேட்டரி இல்லாமல், சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாக்களில் வைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் அந்த நீல மணிகள் பத்து நாளிலேயே இளஞ்சிவப்பாகிவிடும். உதவியாளர் அவற்றை அள்ளிக்கொண்டுபோய் ஆய்வகத்து அடுப்பில் காயவைத்து, மறுபடி நீலமானதும் கொண்டுவந்து கொட்டுவார்.

ஏழாம் எண் சி.ஆர்.ஓ.வின் அட்டையில் இன்றுவரை ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது: 'கேபிள் மாற்றப்பட்டது.'