அந்த 'பாதி'யை மறந்தேன்: ஐ.சி.ஏ.ஆர். முதுநிலை நுழைவுத் தேர்வு அனுபவம்

ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) தேர்வின் ரேங்க் முந்தாநாள் வந்தது. இடம் கிடைத்துவிடும், ஆசைப்பட்ட கல்லூரி கிடைக்காது. அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தேர்வு எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும், நேராக இனவிருத்திப் பாடத்துக்கு (நல்ல மாடுகளைப் பொறுக்கி அடுத்த தலைமுறையை மேம்படுத்துவது) வருகிறேன்.

என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு கணக்கு. கலப்பின மந்தை, சராசரிப் பால் 2,400 கிலோ. தேர்ந்தெடுத்த பசுக்களின் சராசரி 3,000. காளைகளில் தேர்வே இல்லை. ஹெரிடபிலிட்டி (பெற்றோரின் கூடுதல் திறனில் கன்றுகளுக்குப் போகும் பங்கு) 0.25, தலைமுறை இடைவெளி (கன்று பிறக்கும்போது பெற்றோரின் சராசரி வயது) 5 ஆண்டு. ஆண்டுக்கு எவ்வளவு முன்னேற்றம்? (எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.) வித்தியாசமான 600-ஐ 0.25-ஆல் பெருக்கினால் 150, ஐந்தால் வகுத்தால் 30. விடைகளில் 30 இருந்தது, குறித்துவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் சுரீர் என்றது. பசுக்களை மட்டும்தானே பொறுக்கினார்கள்? காளைப் பக்கம் பூஜ்யம். அப்படியென்றால் இரண்டு பக்கத்துக்கும் சராசரி, 600-இல் பாதி, 300. 0.25-ஆல் பெருக்கினால் 75, ஐந்தால் வகுத்தால் 15. அந்த 15-உம் விடைகளில் இருந்தது. நாலு மார்க் போச்சு, மைனஸ் ஒன்று வேறு.

வேறு எதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, ரஃப் தாளில் முதல் வரியாக 'காளையா, பசுவா, ரெண்டுமா?' என்று எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.

ஹெட்டிரோசிஸ் (இரண்டு இனங்களைக் கலக்கும்போது கிடைக்கும் கூடுதல் வீரியம்) எனக்கு வீட்டிலேயே பாடம். எங்கள் லட்சுமி நாட்டு மாட்டுக்கு ஜெர்சிக் காளையின் சினை ஊசி போட்டுப் பிறந்தவள், நாளுக்கு 10 லிட்டர் கறப்பாள். அவளுக்கு 50 சதக் கலப்பினக் காளையின் ஊசி போட்டுப் பிறந்த கிடேரி 7-ஐத் தாண்டவில்லை. "மட்டமான ஊசியைப் போட்டுட்டாங்க" என்று அப்பா இன்றும் திட்டுவார். லட்சுமி போன்ற முதல் கலப்பில் (எஃப்1) முழுதாக இருந்த ஹெட்டிரோசிஸ், கலப்பையும் கலப்பையும் இணைத்த அடுத்த தலைமுறையில் (எஃப்2) பாதியாகிவிடுகிறது, அவ்வளவுதான். (தீவனமும் அந்த வருடம் குறைவு, ஒரு மாட்டை வைத்து முடிவு கட்டினால் எங்கள் பேராசிரியர் அடிப்பார்.) ஒரு இனம் 5/8, இன்னொன்று 3/8 உள்ள கலப்பைத் தமக்குள்ளேயே இணைத்தால் மிஞ்சுவது எஃப்1-இல் இருந்ததில் 2 × 5/8 × 3/8, அதாவது 15/32. கிட்டத்தட்ட 47 சதம்.

மனப்பாடம் செய்தே ஆக வேண்டியவை (முதல் மூன்றும் கலப்பின மாடுகள், உருவான இடத்தோடு):

- கரண் ஃப்ரீஸ்: ஹோல்ஸ்டீன், தார்பார்க்கர். கர்னால்.
- ஃப்ரீஸ்வால்: ஹோல்ஸ்டீன் 5/8, சாஹிவால் 3/8. ராணுவப் பண்ணைகள்.
- சுனந்தினி: கேரளம். 1963-இல் தொடங்கிய இந்தோ-ஸ்விஸ் திட்டம், மாட்டுப்பெட்டி.
- ஜீனோமிக் தேர்வு (டி.என்.ஏ. பார்த்துப் பொறுக்குவது): 2001, முன்மொழிந்தவர்கள் மியூவிசன், ஹேய்ஸ், கோடார்ட்.

கடைசியில் உள்ளதைச் சும்மா வருடமாக மட்டும் படிக்காதீர்கள். ஒரு காளை நல்லதா என்று அதன் மகள்கள் கறந்து காட்டும்வரை காத்திருந்தால் அதற்கு ஆறேழு வயதாகிவிடும். கன்றிலேயே டி.என்.ஏ. பார்த்துப் பொறுக்கினால் தலைமுறை இடைவெளி சுருங்குகிறது, வகுக்கும் எண் சிறியதாகிறது. எல்லாம் அதே சூத்திரம்தான்.

அப்புறம், குரூப் ஸ்டடி வேண்டாம். எனக்கு ஒத்துவரவில்லை, உங்களுக்கும் வராது என்றே நினைக்கிறேன்.

அடுத்த வாரம் கவுன்சலிங். லட்சுமி ஐந்தாம் ஈத்துக்குச் சினையாக இருக்கிறாள். இந்த முறை எந்தக் காளையின் ஊசி என்று நம்பர் கேட்டுக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.