குடமுருட்டியில் தண்ணீர் வந்த அன்று

இரண்டு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மகன் திரும்ப மாட்டான்; பேச்சும் இல்லை. "அவங்க அப்பனே மூணு வயசுலதான் பேசினான்" என்றார் அத்தை. நம்பி ஆறு மாதம் விட்டேன்; இன்னும் உறுத்துகிறது.

2013-இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கே டாக்டர் குழு வரும். அவர்கள் சொல்லித்தான் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம். முதலில் காது பரிசோதனை. கேட்கிறது, சரி. அப்புறம் பேச்சுப் பயிற்சி. அதில் பாதி என் வேலைதான்: சோப்புக் குமிழி ஊதுவேன், நிறுத்துவேன், அவன் என் முகத்தைப் பார்க்கும்வரை அடுத்தது கிடையாது. (அடுப்பில் எத்தனை நாள் பால் பொங்கியதோ!)

நான்காவது மாதம், கல்லணை திறந்து, எங்கள் பாபநாசத்துக்குக் குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வந்தது. படித்துறையில் என் முகவாயைத் திருப்பி, ஆற்றைக் காட்டி, "தண்ணி" என்றான்.