பிரதமர் நாற்காலியும் ரெனே பிரேவாலும்

ஆட்சி கவிழ்ந்த 2020 பிப்ரவரிக்குப் பிறகு கோலாலம்பூரில் "இப்போ யார் பக்கம் எத்தனை பேர்?" என்று கேட்காத மாமாக் கடை மேசை இல்லை. மலேசிய நாடாளுமன்றத்தின் 222 இடங்களில் 112 என்ற கணக்கு நமக்கு மனப்பாடம். அந்த எண்ணிக்கை ஒருவரிடம் இருப்பதாக மாமன்னர் கருதினால் அவர் பிரதமராகிவிடலாம். கரீபியன் நாடான ஹைட்டியில் அந்தக் கணக்கு இதைவிடக் கடினமானது. அதைப் புரிந்துகொள்ள ரெனே பிரேவாலின் வாழ்க்கையைவிட நல்ல பாடம் கிடையாது. அவர் பிரதமராகவும் இருந்தார், இருமுறை அதிபராகவும் இருந்தார்.

1987 அரசியலமைப்பின்படி, பெரும்பான்மைக் கட்சியிலிருந்து அதிபர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லையென்றால் இரு அவைத் தலைவர்களையும் கலந்துபேச வேண்டும். பிறகு ஆவணச் சோதனை. ஹைட்டியில் பிறந்தவரா, உள்நாட்டில் நிலமோ வீடோ இருக்கிறதா, தொடர்ந்து 5 ஆண்டுகள் அங்கேயே வசித்தாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். அதில் தேறினாலும் வேலை முடியாது. அமைச்சரவையை அமைத்து, கொள்கை அறிக்கையை இரு அவைகளிலும் வாசித்து, இன்னொரு முறை வாக்கு பெற வேண்டும். இத்தனையும் தாண்டி வந்தவரை ஏதாவது ஓர் அவை தனியாகவே கவிழ்த்துவிடலாம். அதிபரால் நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாது. முட்டுக்கட்டை விழுந்தால் உடைப்பது கடினம் என்பதுதான் இந்த அமைப்பின் பெரிய ஓட்டை.

பிரேவால் 1943-ல் பிறந்தவர். பெல்ஜியத்தின் ஜாம்ப்லூவில் வேளாண்மை படித்தார். பின்னர் போர்ட்-ஓ-பிரின்ஸில் ரொட்டிக் கடை நடத்தினார். அந்த ரொட்டி பாதிரியார் அரிஸ்டீடின் ஆதரவற்ற சிறுவர் இல்லத்துக்கும் போனது. 1991 பிப்ரவரியில் அரிஸ்டீட் அதிபரானதும் நண்பரையே பிரதமராக்கினார். கட்சிகளைப் புறக்கணித்த இந்தத் தேர்வு நாடாளுமன்றத்தில் புகைந்தது. ஆகஸ்டில் பிரேவாலைக் கவிழ்க்கத் தீர்மானம் வந்தபோது, அதிபரின் ஆதரவாளர்கள் அவையையே சூழ்ந்துகொண்டார்கள். வாக்கெடுப்பு நடக்கவில்லை. செப்டம்பர் 30-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது.

1996-ல் அவரே அதிபரானார். இப்போது மேசையின் மறுபக்கம். 1997 ஜூனில் பிரதமர் ரோஸ்னி ஸ்மார்த் விலக, அடுத்தடுத்த நியமனங்களை நாடாளுமன்றம் நிராகரித்தது. ஏறத்தாழ 20 மாதங்கள் முறையான பிரதமரே இல்லை. 1999 ஜனவரியில், உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டதாக பிரேவால் அறிவித்தார். மார்ச்சில் ஜாக்-எதுவார் அலெக்சியின் அரசை ஆணை மூலம் அமைத்தார். தேர்தலை நேரத்துக்கு நடத்தியிருந்தால் அந்த நிலை வந்திருக்காது. அவர் வாழ்க்கையில் நான் ஏற்காத முடிவு இது.

இரண்டாவது ஆட்சிக்காலத்தில், 2008-ல் நடந்தது இன்னும் கொடியது. ஏப்ரலில் அரிசி விலை ஏறி மக்கள் தெருவில் இறங்கினார்கள், அரண்மனை வாசலை உடைக்கவும் முயன்றார்கள். 12-ம் தேதி பிரேவால் அரிசி விலையைச் சுமார் 15 விழுக்காடு குறைத்து அறிவித்தார். அதே நாளில் மேலவை, மீண்டும் பிரதமராக இருந்த அலெக்சியைப் பதவி நீக்கியது. 2023-ல் உள்ளூர் அரிசி கடையில் கிடைக்காமல் நாம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே பசியோடு அரசும் சேர்ந்து காணாமல் போயிற்று.

அடுத்து எரிக் பியேர் முன்மொழியப்பட்டார். தாத்தா பாட்டியின் பிறப்பு ஆவணம் சரியில்லை என்று மறுத்தார்கள். ராபர்ட் மானுவேல் வந்தார். வசிப்பிடம், சொத்து நிபந்தனைகளில் அவரும் அடிபட்டார். மூன்றாவதாக வந்த மிஷேல் பியேர்-லூயி செப்டம்பரில்தான் பதவியேற்றார். ஃபே, குஸ்தாவ், ஹன்னா, ஐக் என நான்கு புயல்கள் சில வாரங்களுக்குள் அடித்து, சுமார் 800 பேர் மாண்ட நேரம் அது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அவரையும் மேலவை நீக்கியது. 2010 ஜனவரி 12 நிலநடுக்கம் வந்தபோது, அவருக்கு அடுத்த பிரதமர் பெல்ரிவ் பதவிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அரிசிப் பிரச்சினையின் வேர் பிரேவால் அதிபராவதற்கு முன்பே இருந்தது. 1995-ல் அரிசி இறக்குமதி வரி 3 விழுக்காடாக இறங்கியது. அமெரிக்க அரிசி குவிந்தது. ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கு விவசாயிகளால் அந்த விலைக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. பிரேவால் முதல் ஆட்சியில் அங்கே நிலம் பகிர்ந்து கொடுத்தார். வேளாண்மை படித்தவருக்கு அது மனதுக்கு நெருக்கமான வேலை. ஆனால் விளைந்ததை விற்க முடியாதபோது நிலம் கிடைத்து என்ன பயன்?

2011 மே 14-ல் எதிர்தரப்பில் நின்று வென்ற மிஷேல் மார்ட்டெலியிடம் பதவியை ஒப்படைத்தார். அப்போது நாடாளுமன்றத்தில் பிரேவாலின் இனீட் கட்சிதான் பெரியதாக இருந்தது. மார்ட்டெலி முன்மொழிந்த முதல் இருவரையும் நிராகரித்தார்கள். மூன்றாமவரான காரி கோனில் பொறுப்பேற்றது அக்டோபரில்.