இரண்டு ஸ்வெட்டர்கள்

மார்கரெத்தே ஃபோன் ட்ரோட்டாவின் 'டி ப்ளைர்னே ட்ஸைட்' (ஈயம் போல் கனத்த காலம்) பார்த்து முடித்தேன். 1981-இல் வந்த ஜெர்மன் படம். அந்த ஆண்டே வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கம் வாங்கியது. தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அக்கா யூலியானே பெண்ணியப் பத்திரிகையாளர். தங்கை மரியான்னே ஆயுதம் ஏந்தி, சிறைக்குப் போனவள். 1977 அக்டோபர் 18 அன்று மேற்கு ஜெர்மனியின் ஸ்டாம்ஹைம் சிறையில் இறந்து கிடந்த, செம்படைப் பிரிவு (RAF) என்ற ஆயுதமேந்திய இடதுசாரிக் குழுவைச் சேர்ந்த குட்ரூன் என்ஸ்லினும் அவர் அக்கா கிறிஸ்டியானேவும்தான் இந்தக் கதைக்கு மூலம்.

சிறைச் சந்திப்பில் இருவரும் ஸ்வெட்டரைக் கழற்றி மாற்றிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி. கொள்கைச் சண்டையெல்லாம் ஒரு நொடி மறைந்து, ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பெண்கள் மட்டும் தெரிகிறார்கள். அப்புறம் ஒரு சந்திப்பில் இருவருக்கும் இடையில் கண்ணாடித் தடுப்பு வந்துவிடுகிறது. அதில் அக்காவின் முகம் தங்கையின் முகத்தின் மேல் படிகிறது. அங்கே அழுதுவிட்டேன்.

சிறுவயதில் முரட்டுப் பிடிவாதம் அக்காவுக்குத்தான், கறுப்பு ஜீன்ஸ் போட்டுப் பள்ளிக்குப் போனவள். தங்கை அப்பா செல்லம். நாஜி முகாம்களைப் பற்றிய ஆவணப்படம் பார்த்து இருவருக்கும் வயிறு புரட்டுகிறது. பார்த்தது ஒன்றே, போன வழி வேறு.

அக்காவாக யூட்டா லாம்பே, தங்கையாக பார்பரா சுகோவா, இருவரும் நடித்ததாகவே தோன்றவில்லை. தங்கையின் செயல்களை ஏற்காத அக்கா, அவள் செத்தபின் உண்மையைத் தேடித் தன் வாழ்க்கையையே இழக்கிறாள். கடைசியில், தன் அம்மாவின் புகைப்படத்தைக் கிழித்துப்போட்ட மரியான்னேவின் சின்னப் பையன் அவளிடம் சொல்லும் கடைசி வார்த்தை: "தொடங்கு."