ஞானப் பல்லுக்கு ஒரு டூப்

மார்ச் 4, செவ்வாய்
கல்லூரிப் பையன், 19 வயது. கீழ்த்தாடையில் முதல் கடைவாய்ப் பல் வேர்வரை சொத்தை, காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல், அதாவது இம்பிளான்ட் வைக்கலாமே என்றார் அம்மா. தாடை வளர்ந்து முடிந்ததா என்று உறுதியாகத் தெரியாத வயதில் எனக்கு மனசு வரவில்லை, அதுவும் மேலே ஒரு ஞானப் பல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது. அதை எடுத்துக் கீழே நடலாம் என்றேன். "நாத்து நடுற மாதிரியா டாக்டர்?" அதேதான்.

மார்ச் 6, வியாழன்
தாடையின் முப்பரிமாண எக்ஸ்-ரே, அதாவது சிபிசிடி ஸ்கேன் வந்தது. இதை வைத்து ஞானப் பல்லுக்கு அச்சு அசலாக ஒரு டூப் பல்லை 3டி பிரிண்டரில் எடுக்க வேண்டும், குழிக்கு அளவு பார்ப்பது அதை வைத்துத்தான். வேரும் எலும்பும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம், மென்பொருள் தானாகப் பிரித்துக் கொடுத்ததை நம்ப முடியாமல் ஒவ்வொரு படமாக வேரின் ஓரத்தை மவுஸால் திருத்தி முடிக்கும்போது இரவு 11. பல்லை நடப்போகும் குழிக்கும் கீழ்த்தாடை நரம்புக்கும் 4 மி.மீ. இடைவெளி. 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது, தப்பித்தோம்.

மார்ச் 8, சனி
பிரிண்டரில் வந்த முதல் டூப் பல் வீண். வேர்நுனி மொட்டை. கடைசிச் சில படங்களில் தூக்கக் கலக்கத்தில் கோட்டை உள்ளே தள்ளி வரைந்திருக்கிறேன். திருத்தி மறுபடி அச்சடித்து, ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா விளக்கில் கெட்டியாக்கி, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு அனுப்பினேன்.

மார்ச் 11, செவ்வாய்
சொத்தைப் பல்லை எடுத்ததும் டூப் பல்லைக் குழிக்குள் வைத்தேன், முட்டியது. நடுவிலிருந்த எலும்புச் சுவரைக் கொஞ்சம் தேய்த்து, மறுபடி வைத்து, மறுபடி தேய்த்து, ஆறாவது தடவை சொன்னபடி உட்கார்ந்தது. முன்பெல்லாம் இந்த அடியை அசல் பல்தான் வாங்கும். நாற்றின் வேரில் மண் இருப்பதுபோல் பல்லின் வேரில் ஒட்டியிருக்கும் நார்த்திசு உரசியும் காய்ந்தும் செத்துப்போகும், அது போனால் நட்ட பல் நாளடைவில் வேர் கரைந்துவிடும். இன்று அசல் பல் வாய்க்கு வெளியே இருந்தது இரண்டு நிமிடம்கூட இல்லை. மேல்பல் இடிக்காதபடி சற்றுத் தாழ்வாக வைத்து, தையல் நூலைக் குறுக்கே போட்டுக் கட்டினேன்.

மார்ச் 25, செவ்வாய்
கட்டைப் பிரித்தேன். லேசாக ஆடுகிறது, ஈறு நன்றாகப் பிடித்திருக்கிறது. வேர் முழுதாக வளர்ந்த பல் என்பதால் வேர் சிகிச்சையை இன்றே ஆரம்பித்தாயிற்று. சாவிக்கொத்தில் மாட்ட அந்த டூப் பல் வேண்டுமாம். ரத்தம் பட்டது, தர முடியாது தம்பி என்று சொல்லி, மொட்டை வேர்ப் பல்லைக் கொடுத்து அனுப்பினேன்.