சட்டைப் பையில் ஒரு ரெசிஸ்டர்

கடலூர் சிப்காட்டில் பத்தொன்பது ஆண்டுகளாக இன்ஸ்ட்ருமென்ட் வேலை. என் சட்டைப் பையில் பேனா இல்லாத நாள் உண்டு, 270 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) இல்லாத நாள் கிடையாது. அது துணியோடு வாஷிங் மெஷினுக்குள் போய் வீட்டில் வாங்கிய திட்டுக்கும் குறைவில்லை.

சென்ற மாதம் இரவு ஷிப்டில் ஓர் அமிலத் தொட்டியின் மட்டத்தை அளந்து அனுப்பும் லெவல் டிரான்ஸ்மிட்டருக்கு ரேஞ்ச் மாற்ற வேண்டியிருந்தது. பயிற்சிக்கு வந்திருக்கும் புதுச்சேரித் தம்பி, அதோடு பேசும் கையடக்கக் கம்யூனிகேட்டரை மாட்டிவிட்டுக் காத்திருந்தான். கருவி எதுவும் இல்லை என்றது திரை. மூன்று முறை பார்த்துவிட்டு, "டிரான்ஸ்மிட்டர் போய்விட்டது அண்ணே" என்று புதியது கேட்டு இன்டென்ட் எழுத உட்கார்ந்துவிட்டான்.

கன்ட்ரோல் ரூமிலோ அது 62 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது. மல்டிமீட்டரில் 13.9 மில்லியாம்பியர், கணக்குச் சரி. செத்தவன் சம்பளம் வாங்குவானா?

இவை இரண்டும் பேசிக்கொள்ளும் ஹார்ட் (HART) நெறிமுறைக்கு இரண்டே கம்பி போதும். 4 முதல் 20 மில்லியாம்பியர் வரை ஓடும் மின்னோட்டம் அளவைச் சொல்லும். அதன்மேல் அரை மில்லியாம்பியர் ஏற்ற இறக்கமாக இன்னொரு பேச்சு நடக்கும்: 1200 ஹெர்ட்ஸ் என்றால் 1, 2200 ஹெர்ட்ஸ் என்றால் 0. ஏறியதும் இறங்கியதும் சமமாகிவிடுவதால் அளவு மாறாது. ஒத்து விடாமல் ஒலிக்க, அதன்மேல் நாதஸ்வரம் ஓடுவது போல. ஆனால் அந்த அரை மில்லியாம்பியர் மின்னழுத்தமாக மாறினால்தான் கம்யூனிகேட்டருக்குக் கேட்கும். அதற்கு லூப்பில், அதாவது அந்த மின்சுற்றில், குறைந்தது 230 ஓம் வேண்டும். இல்லாவிட்டால் பவர் சப்ளையே பேச்சை விழுங்கிவிடும்.

முந்தைய வாரம்தான் அந்த லூப்பில் இருந்த பழைய ரெக்கார்டரைக் கழற்றியிருந்தார்கள். அதன் முதுகில் இருந்த 250 ஓமும் கூடவே குப்பைக்குப் போயிருந்தது. புதிய இண்டிகேட்டரின் உள்தடை பத்து ஓம்கூடத் தேறாது.

அளவு பிசகினால் தானாகச் செயல்படும் பாதுகாப்பு இன்டர்லாக்கை பைபாஸில் போடச் சொல்லிவிட்டு ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தேன். உப்புக்காற்றில் டெர்மினல்களெல்லாம் பச்சைக் களிம்பு. கம்பியை எடுத்ததும் மின்னோட்டம் சுழிக்கு விழுந்தது. காலித் தொட்டிக்கே 4 வரும் என்பதால் அறுந்த கம்பியைக் காலித் தொட்டி என்று யாரும் ஏமாற முடியாது. இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு. ரெசிஸ்டரைத் தொடரில் முறுக்கி மூடினேன். கம்யூனிகேட்டரில் டிரான்ஸ்மிட்டரின் அடையாளமான டேக் எண் வந்தது.

"புத்தகத்தில் 250 என்றுதானே அண்ணே இருக்கிறது?"

"கடையில் 250 கேட்டால் 270தான் தருவான். வளையங்கள் சிவப்பு, ஊதா, பழுப்பு. பார்த்து வாங்கு."

திங்கட்கிழமை பத்து ரெசிஸ்டர் வாங்கி வந்து பெருமையாக நீட்டினான். பத்தும் சிவப்பு, சிவப்பு, பழுப்பு. 220 ஓம்.